எம்.பி.எச். என்ன படிப்பு, யாருக்கு எந்தக் கதவைத் திறக்கும்?

பி.டி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., சித்தா, மைக்ரோபயாலஜி என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று தேடுகிறவர்களின் கண்ணில் ஒரு மூன்றெழுத்துப் படிப்பு அடிக்கடி படுகிறது. எம்.பி.எச்., அதாவது மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த். கொரோனாவுக்குப் பிறகு அதன் விளம்பரங்கள் பெருகிவிட்டன. கூடவே கேள்விகளும். இதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா? ஆஸ்பத்திரி நிர்வாகம் என்பதும் இதுவும் ஒன்றா? அரசு வேலை உண்டா? அமெரிக்காவில் படித்தால் அங்கேயே இருந்துவிடலாமா?

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் எம்.பி.எச். பட்டம் எந்தக் கதவைத் திறக்கும் என்பதை, அதற்கு முன் நீங்கள் வாங்கிய பட்டமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த இரண்டு பேருக்கு, படிப்பு முடிந்ததும் பாதை பிரிந்துவிடும். ஏன் அப்படி என்பது புரிய, பொது சுகாதாரம் என்ற துறை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காதுகுத்து விருந்தும் 102 பேரும்

மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு நோயாளி. பொது சுகாதாரத்தில் இருப்பவருக்கு ஒரு தெரு, ஒரு வட்டாரம், ஒரு மாவட்டம்தான் நோயாளி. இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு.

ஒரு காதுகுத்து விருந்து. 150 பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் காலைக்குள் 48 பேருக்கு வாந்தி, பேதி. 'பிரியாணி சாப்பிட்ட 48 பேர் ஆஸ்பத்திரியில் அனுமதி' என்று செய்தி வருகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் டிரிப்ஸ் ஏற்றி, அந்த 48 பேரையும் தேற்றி வீட்டுக்கு அனுப்புகிறார். பொது சுகாதாரக்காரர் செய்வது பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாத 102 பேரின் வீடுகளுக்கும் போகிறார்.

முதல் வேலையாக, யாரை நோயாளி என்று எண்ணுவது என்று எழுதி வைத்துக்கொள்கிறார்: விருந்து முடிந்து 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தியோ பேதியோ ஆனவர். இதற்கு நோயாளி வரையறை என்று பெயர். இது இல்லாவிட்டால் பயத்தில் வயிறு கலங்கியவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் இலையில் என்னென்ன விழுந்தது என்று கேட்கிறார்.

பிரியாணியை 150 பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். நோய்வாய்ப்பட்ட அத்தனை பேரும் பிரியாணி சாப்பிட்டவர்கள் என்பது உண்மைதான். நன்றாக இருக்கும் அத்தனை பேரும் அதையே சாப்பிட்டவர்கள் என்பதும் உண்மை. ஒப்பிட ஆள் இல்லாததால் பிரியாணியைக் குற்றவாளி என்று சொல்லவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது.

தயிர் வெங்காயத்தின் கதை வேறு. அதைத் தொட்டவர்கள் 90 பேர். அவர்களில் 42 பேருக்கு நோய். தொடாதவர்கள் 60 பேர். அவர்களில் 6 பேருக்கு நோய். முதல் கூட்டத்தில் 47 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். இந்தச் சதவீதம்தான் தாக்கு வீதம். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 4.7 வரும். தயிர் வெங்காயம் சாப்பிட்டவருக்கு மற்றவரைவிட நாலரை மடங்குக்கு மேல் ஆபத்து இருந்திருக்கிறது என்பது இதன் பொருள். இதற்கு ஒப்பீட்டு ஆபத்து என்று பெயர்.

இதோடு வேலை முடியவில்லை. தயிர் வெங்காயத்தைத் தொடாத அந்த 6 பேருக்கு எப்படி வந்தது? பரிமாறியவர் ஒரே கரண்டியை இரண்டு வாளியிலும் போட்டாரா? சாப்பிட்டதை மறந்துவிட்டு இல்லை என்றார்களா? தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டுமா? எம்.பி.எச். மாணவருக்கு இரண்டு வருடம் பழக்கப்படுத்துவது பெரும்பாலும் இப்படி யோசிக்கத்தான். பின்னக் கணக்கில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை விடாமல் கேட்பது. 48 பேருக்கு நோய் என்றால், எத்தனை பேரில் 48?

சேத்துப்பட்டு சொன்ன பதில்

பெரிய அளவில் இந்த யோசனை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே உலகப் புகழ் பெற்ற சான்று இருக்கிறது. 1950களில் காசநோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. ஆனாலும் நோயாளியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் தந்தால்தான் குணமாகும் என்பதே மருத்துவ உலகின் நம்பிக்கை. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கனவிலும் கிடையாது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை (மருந்துவழிச் சிகிச்சை) மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நாலும் சேர்ந்த முயற்சி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடத்துக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த சாப்பாட்டோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்தை விழுங்கினார்கள்.

1959-ல் வெளியான முடிவுப்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் காலம் உலகமெங்கும் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதற்கு எத்தனை விதமான ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர், சளியைப் பரிசோதிக்கும் ஆய்வகர், குலுக்கலையும் கணக்கையும் பார்க்கும் புள்ளியியலர், வீடு தேடிப் போய் மாத்திரை எண்ணும் செவிலியர், நாலு நிறுவனங்களை ஒத்துப்போக வைக்கும் நிர்வாகி. எம்.பி.எச். வகுப்பில் டாக்டரும் நர்ஸும் சமூகப் பணி படித்தவரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது இந்தக் காரணத்தால்தான். யார் வேண்டுமானாலும் சேரட்டும் என்ற தாராளம் இல்லை. இந்த வேலையே பல கைகள் கேட்பது.

பாடங்கள்

இந்தியாவில் பொதுவாக 2 வருடம், நாலு செமஸ்டர். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும் உள்ளே இருப்பவை இவைதான்:

1. எபிடெமியாலஜி, தமிழில் நோய்ப்பரவலியல். மேலே பார்த்த காதுகுத்துக் கணக்கின் பெரிய வடிவம். இதுதான் முதுகெலும்பு.

2. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ். மாதிரி எத்தனை பேர் வேண்டும், கிடைத்த வித்தியாசம் உண்மையா தற்செயலா என்று பார்ப்பது. கணக்கிலிருந்து தப்பிக்க பயாலஜி எடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆர் (R), ஸ்டேட்டா (Stata) போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் கை பழகாமல் வெளியே வந்தால் வேலைச் சந்தையில் பட்டம் பாதி எடைதான் நிற்கும்.

3. சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும். பட்ஜெட், மருந்துக் கொள்முதல், ஆள் நியமனம், காப்பீட்டுத் திட்டம்.

4. சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரம். குடிநீர், கழிவு, காற்று, பட்டாசு ஆலையும் தோல் பதனிடும் தொழிற்சாலையும்.

5. சமூக, நடத்தை அறிவியல். தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தும் ஏன் சிலர் வருவதில்லை என்பது போன்ற கேள்விகள்.

இவற்றோடு களப்பயிற்சியும் ஆய்வேடும் உண்டு. என் கணிப்பில் படிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தக் களப்பயிற்சிதான். மாணவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்டு, கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாக நடக்கவிடும் கல்லூரிக்கும், நாலு நாள் சுற்றிக்காட்டிவிட்டுச் சான்றிதழ் தரும் கல்லூரிக்கும் பட்டத்தில் பெயர் ஒன்றுதான்.

ஒன்றுபோல் ஒலிக்கும் நாலு படிப்புகள்

எம்.டி. சமூக மருத்துவம்: எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். முதுநிலை நீட் போன்ற நுழைவுத் தேர்வு வழியாகச் சேர வேண்டும், 3 வருடம். மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆக விரும்பும் மருத்துவருக்கு இதுவே நேர் வழி.

டி.பி.எச்.: பொது சுகாதார டிப்ளமோ. இதுவும் மருத்துவர்களுக்கானது. தமிழ்நாட்டில் டி.பி.எச். என்றால் பொது சுகாதார இயக்குநரகத்தையும் குறிக்கும், அதன் இயக்குநரையும் குறிக்கும். 'டி.பி.எச்.சில் டி.பி.எச். முடித்தவர்' என்ற வாக்கியம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சிரிக்காமலே புரியும்.

எம்.எச்.ஏ.: ஆஸ்பத்திரி நிர்வாகம். படுக்கை, பில்லிங், தரச்சான்று, ஆள் மேலாண்மை. ஆஸ்பத்திரிக்கு உள்ளே நடப்பது இதன் எல்லை, எம்.பி.எச். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பதைப் பற்றியது.

எம்.பி.எச்.: பல துறையினருக்கும் உரியது. இதை முடித்தவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. முன்பே மருத்துவராக இல்லாதவர் இதனால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள முடியாது. மருத்துவர்களுக்கு மருத்துவ ஆணையம், செவிலியர்களுக்கு நர்சிங் கவுன்சில் இருப்பதுபோல் எம்.பி.எச். முடித்தவர்களைப் பதிவு செய்ய என்று தனிக் கவுன்சில் இல்லை. மத்திய நலவாழ்வு அமைச்சகம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது என்றாலும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் போக்கில்தான் நடத்துகிறது. தரம் இவ்வளவு ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் தனி வழி

சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தன. ஆஸ்பத்திரிக்கு இருக்கும் அவசரத்துக்கு முன் கொசு ஒழிப்பும் குடிநீர்ச் சோதனையும் பின்னுக்குப் போயின. தமிழ்நாடு அப்படிச் செய்யவில்லை. நூறு ஆண்டுகளைத் தாண்டிய பொது சுகாதாரத் துறை இங்கே தனி இயக்குநரகமாக, தனிப் பணியாளர் அணியோடு நீடிக்கிறது. 1939-ல் வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் அதிகாரிகள் பயன்படுத்திய அதிகாரங்களில் பல அந்தப் பழைய சட்டத்திலிருந்து வந்தவை.

இந்த அணியின் ஏணி இப்படிப் போகிறது. கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் களத்தில்; ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் வட்டார மருத்துவ அலுவலரும் மேலே; சுகாதார மாவட்டத்துக்கு மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு துணை இயக்குநர் என்று பெயர்); நகராட்சி, மாநகராட்சிகளில் நகர்நல அலுவலர். மேல்படிகளில் ஏறுகிறவர்கள் மருத்துவர்கள். அவர்களிடம் பொது சுகாதாரத்தில் டிப்ளமோ போன்ற ஒரு மேல்படிப்பும் எதிர்பார்க்கப்படுகிறது. இதனால்தான் தமிழ்நாட்டின் பொது சுகாதாரத்தைப் பிற மாநிலங்கள் பாராட்டுகின்றன. இதே காரணத்தால்தான் பி.டி.எஸ். அல்லது பி.எஸ்சி. முடித்து எம்.பி.எச். வாங்கியவருக்கு அந்த ஏணியில் கால் வைக்க இடமில்லை. பலமும் பூட்டும் ஒரே இடத்தில்.

2017 தேசிய நலக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மை அணி வேண்டும் என்றது. 2022-ல் மத்திய அமைச்சகம் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மருத்துவர்களுக்கான பொது சுகாதார அணியோடு, சுகாதார மேலாண்மைக்கு என்று தனி அணியும் அதில் பேசப்படுகிறது. ஆனால் பொது சுகாதாரம் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருப்பது. வழிகாட்டுதல் வந்துவிட்டது என்பதற்காகப் பணியிடம் வந்துவிடாது; ஒவ்வொரு மாநிலமும் அரசாணை போட்டாக வேண்டும். 'மத்திய அரசு எம்.பி.எச். பட்டதாரிகளுக்குத் தனி அணி அமைத்துவிட்டது' என்று சொல்லி அட்மிஷன் பிடிக்கும் விளம்பரங்களை இந்த வரியோடு சேர்த்துப் படிக்கவும்.

இலங்கையில் அமைப்பு வேறு. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடு முழுக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளாக விரிந்திருக்கிறது. அங்கும் தலைமைப் பொறுப்பு வைத்தியர்களிடமே.

வேலை என்று பார்த்தால்

மருத்துவர் அல்லாதவர்களுக்கு உள்ள வாய்ப்புகளை வெளிப்படையாகச் சொல்வதானால்:

1. தேசிய நலவாழ்வுக் குழுமம். மாவட்டத் திட்ட மேலாளர், ஒருங்கிணைப்பாளர், தரவு மேலாளர் போன்ற பணிகள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்கு 'முற்றிலும் தற்காலிகமானது', '11 மாத ஒப்பந்தம்', 'தொகுப்பூதியம்' என்ற சொற்கள் மனப்பாடம். 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் எபிடெமியாலஜிஸ்ட் பணிகளும் பெரும்பாலும் ஒப்பந்தமே. அவற்றில் மருத்துவர்களுக்கு முன்னுரிமை இருப்பது சகஜம்.

2. ஆராய்ச்சி நிறுவனங்கள். மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நிறுவனங்களிலும் பெரிய மருத்துவக் கல்லூரிகளிலும் ஒரு ஆய்வு ஓடும்வரை திட்டப் பணி. பி.எச்டி.க்குப் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல படிக்கட்டு.

3. தொண்டு நிறுவனங்கள், பன்னாட்டு அமைப்புகள். சம்பளம் நன்றாக இருக்கும். நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே ஆயுள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-ல் தன் உதவித் திட்டங்களை நிறுத்திக்கொண்டபோது, எங்கோ வாஷிங்டனில் எடுத்த முடிவு பல நாடுகளில் களப்பணியாளர்களின் வேலையைப் பறித்தது.

4. தனியார் துறை. மருந்து நிறுவனங்களின் பக்கவிளைவுக் கண்காணிப்பு, மருத்துவப் பரிசோதனை நிறுவனங்கள், காப்பீடு, ஆலோசனை நிறுவனங்கள். இங்கே பட்டத்தைவிட தரவுத் திறமைக்கு மதிப்பு.

அரசு மருத்துவர் ஒருவர் எம்.பி.எச். படிக்கும்போது இந்தப் பட்டியலே அவருக்குத் தேவையில்லை. அவருக்கு வேலை ஏற்கனவே இருக்கிறது. படிப்பு அந்த வேலையைச் செய்யும் விதத்தை மாற்றுகிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர் எழுந்து தானாக நிற்க முடிகிறதா, எடை மிகக் குறைவா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகமா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவா என்று சில அடையாளங்களை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் யோசனை. எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும். இப்படி ஒரு பட்டியலைத் தயாரித்து, மாநிலம் முழுக்க ஊழியர்களை நிரப்ப வைத்து, எங்கே விடுபடுகிறது என்று வாரந்தோறும் பார்ப்பது பாடப்புத்தகப் பொது சுகாதாரம். இதில் முன்னின்ற சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் எம்.பி.எச். பாடமும் நடத்துகிறது.

எங்கே படிக்கலாம்

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-லேயே எம்.பி.எச். தொடங்கியது; இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று. சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் படிப்பில் களவேலை அதிகம். பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மிகவும் பொருந்துவது. புதுச்சேரி ஜிப்மரில் 2014 முதல் நடக்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப் பார்வை தூக்கலாக இருக்கும். கொல்கத்தாவில் 1932-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய சுகாதார நிறுவனம் வயதில் எல்லோருக்கும் மூத்தது. அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, இடமும் குறைவு. தனியாரில் இரண்டும் தலைகீழ்.

வெளிநாடு

பிரிட்டனில் பெரும்பாலும் 1 வருடம். அமெரிக்காவில் பொதுவாக 2 வருடம். அமெரிக்காவில் பொது சுகாதாரப் படிப்புகளை மதிப்பிடும் சி.இ.பி.எச். என்ற கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது கேட்கும் குறைந்தபட்சம் 42 கிரெடிட், அதாவது பாட அலகு.

பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் படித்து முடித்த மாணவர் 12 மாதம் வேலைப் பயிற்சி பெறலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கான வகைக் குறியீடுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொதுவான பொது சுகாதாரம் என்ற குறியீடு இல்லை. ஆகவே ஒரே பள்ளியில் எம்.பி.எச். வாங்கிய இருவரில் ஒருவருக்கு 3 வருடமும் மற்றவருக்கு 1 வருடமும் கிடைக்கலாம். பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் என்ன குறியீடு போட்டிருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. லட்சக்கணக்கில் கல்விக்கடன் எடுப்பவருக்கு அந்த ஆறு இலக்கக் குறியீடு தரவரிசைப் பட்டியலைவிட முக்கியம்.

பணம் கட்டும் முன்

1. கடைசி இரண்டு ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கல்லூரி தரும் பட்டியலோடு நிற்காமல், அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். உங்களுடைய அதே இளநிலைப் பட்டம் வைத்திருப்பவராகப் பார்த்துப் பேசுங்கள். டாக்டர் சீனியரின் அனுபவம் பி.பார்ம். முடித்தவருக்குப் பொருந்தாது.

2. களப்பயிற்சி எத்தனை வாரம், எங்கே, யார் மேற்பார்வை?

3. ஆசிரியர்களில் புள்ளியியலர் முழுநேரமாக இருக்கிறாரா, சனிக்கிழமை மட்டும் வருகிறாரா?

4. நீங்கள் போக விரும்பும் பணியின் பழைய அறிவிப்புகள் மூன்றை எடுத்து, 'அத்தியாவசியத் தகுதி' என்ற கட்டத்தைப் படியுங்கள். 'எம்.பி.பி.எஸ். உடன் எம்.பி.எச்.' என்று இருப்பதும், 'ஏதேனும் ஒரு பட்டத்துடன் எம்.பி.எச்.' என்று இருப்பதும் பார்வைக்கு ஒரு சொல் வித்தியாசம். விண்ணப்பத்தை நிராகரிக்க வைப்பது அந்தச் சொல்தான்.